பூட்டிக் கிடக்கும் ஆபீஸ் கட்டடத்துக்கு ஸ்டெபிலிட்டி ரிப்போர்ட்: கொடுத்த காசுக்குத் தேறுமா?

நாகர்கோவில் டவுனுக்குள் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு, அது உறுதியாக நிற்குமா என்று பார்த்துச் சொல்ல வாங்கிய ரிப்போர்ட் இது. ஆய்வு செய்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், படங்களும் தெளிவு. கோளாறு அளவீட்டில்தான். தூண்களில் ரீபவுண்ட் ஹேமரை (கான்கிரீட்டில் மோதித் துள்ளும் அளவை எண்ணாகக் காட்டும் சுத்தியல்) மட்டும் தட்டிவிட்டு 'உறுதியாக உள்ளது' என்று எழுதிவிட்டார்கள். பழைய கட்டடத்தில் அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஏற ஏற (இதுதான் கார்பனேற்றம்) கான்கிரீட்டின் மேல்தோல் இறுகும், ஹேமர் கூடுதலாகக் காட்டும். உள்ளே கம்பியைத் துருவிலிருந்து காத்துவந்த காரத்தன்மையைத் தின்பதும் அதே கார்பனேற்றம்தான். கட்டடம் கெடக் கெட மார்க் ஏறுகிறது, அவ்வளவுதான்!

கண்ணால் பார்த்தாலே தெரிவதைக்கூட ரிப்போர்ட் தொடவில்லை. மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்திருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம்; ஜூனில் தேங்கியது காயுமுன் அக்டோபர் வந்துவிடும். அதற்குக் கீழே ஆறாவது மாடி டாய்லெட்டின் சீலிங்கில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஜன்னலுக்கு மேலே தாங்கும் கான்கிரீட் பட்டையை (லிண்டல்) சுத்தியலால் தட்டினால் ஒரு முனையில் கணீர், மறுமுனையில் பொத்தென்று சத்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கம்பியை மூடிய கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேறு. மேலே வெட்டினால் போதாது, வேரோடு எடுத்து வெடிப்பை அடைக்க வேண்டும். லிஃப்ட் குழியில் தண்ணீர். லிஃப்டின் கம்பிவடத்தை நம்பி மோட்டாரைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே இவற்றை எழுத்தில் கேளுங்கள். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் திரவம்) தெளிக்க வேண்டும். கம்பி வரை நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனையில், காப்பர் சல்ஃபேட் மின்முனை வைத்து, -350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக வந்தால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இதற்கு ஒரு இடத்தில் கம்பியை வெளியே எடுத்து வயர் மாட்டியாக வேண்டும். மாட்டாமல் எண் தந்தால் அது கற்பனை. வலிமையைச் சோதிக்கத் துளைத்தெடுக்கும் கான்கிரீட் உருளை (கோர்) குறைந்தது மூன்று. எம்20 தரக் கான்கிரீட் என்றால் வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சராசரி 17 நியூட்டன், எதுவும் 15 நியூட்டனுக்குக் கீழே போகக் கூடாது (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456).

உப்புச் சோதனையை விடவே விடாதீர்கள். கடல்காற்றாலோ கழுவாத மணலாலோ உப்பிலுள்ள குளோரைடு ஏறியிருந்தால், பழுதான இடத்தை மட்டும் கொத்திப் புதுக்காரை வைப்பது வினை. புதுக்காரையைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் துரு வேகமெடுக்கும். கொத்துவதானாலும் கம்பிக்குப் பின்னால் 20 மில்லிமீட்டராவது போக வேண்டும். கொத்துமுன் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இவர்கள் தந்த ரிப்பேர் கொட்டேஷனில் முட்டுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் படங்களுக்கு.