மூக்குத்தி: ஆசாரி திருகாணியா, ஸ்டுடியோ ஃபிளாட் பேக்கா?

பெங்களூரில் மூக்கு குத்திக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட் பக்கமோ அல்சூரிலோ ஆசாரியிடம் போய், திருகாணி வைத்த தங்க மூக்குத்தியோடு வருவது ஒன்று. இந்திராநகர், கோரமங்களா பியர்சிங் ஸ்டுடியோவில் டைட்டானியம் ஃபிளாட் பேக், அதாவது உள்பக்கம் திருகுக்குப் பதில் தட்டை வட்டு உள்ள மூக்குத்தி, போட்டுக்கொள்வது இன்னொன்று. அம்மா முதலாவதைச் சொல்வார், ஆபீஸ் தோழி இரண்டாவதைச் சொல்வாள், ஆனால் இரண்டு பேருமே பேசுவது கல்லைப் பற்றித்தான்: வெள்ளையா, சிவப்பா, எட்டுக்கல் பேசரியா என்று. மூக்குக்குள் இருக்கப்போகிற தண்டு என்ன தடிமன், என்ன நீளம் என்று யாரும் கேட்பதில்லை. தொல்லை பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் தடிமன். ஸ்டுடியோவில் கேஜ் கணக்கு, அதாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்; எண் ஏற ஏற தண்டு மெலியும். 20 கேஜ் என்றால் 0.8 மிமீ, 18 என்றால் 1 மிமீ, மூக்குக்கு இந்த இரண்டும்தான் வழக்கம். இதே எண்ணை நகைக்கடையில் சொன்னால் குழப்பம் வரலாம், ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் கம்பிக் கணக்கில் 20 என்பது 0.91 மிமீ, 18 என்பது 1.22 மிமீ. 0.2 மிமீ என்ன பெரிசு என்று தோன்றும், ஆறிய துளையில் கொஞ்சம் தடித்த தண்டைத் தள்ளிப் பார்த்தால் தெரியும். அதனால் எங்கே போனாலும் மில்லிமீட்டரிலேயே பேசுங்கள். சாதா ஸ்கேல் இதற்கு உதவாது, எஸ்.பி. ரோடு கடைகளில் ஒரு கேலிப்பர் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) வாங்கி, இப்போது போட்டிருப்பதைக் கழற்றும் நாளில் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

0.8 மெல்லியது, துளையும் சின்னது, பார்க்க நளினம். ஆனால் மெல்லிய கம்பி இழுபட்டால் தோலை அறுக்கும். ஹெல்மெட், துப்பட்டா, துண்டு என்று தினமும் ஏதாவது சிக்குகிறவர்களுக்கு 1 மிமீதான் என் ஓட்டு. அதில் ஆறிய துளையில் பிறகு மெல்லிய மூக்குத்தியும் போகும், நாளடைவில் துளை அதற்கேற்ப சுருங்கிவிடும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

நீளத்தில்தான் இரண்டு வழிகளும் நிஜமாகப் பிரிகின்றன. குத்தினால் மூக்கு வீங்கும். ஸ்டுடியோவில் வீக்கத்துக்கு இடம் விட்டு 8 மிமீ போல நீளமான தண்டு போட்டு, சில வாரம் கழித்து வரச்சொல்லி 6 மிமீ போலக் குறைப்பார்கள். அந்த இரண்டாம் தடவை போகச் சோம்பல்பட்டால் நீளத் தண்டு ஆடி ஆடி, துளை சாய்ந்து, பக்கத்தில் முண்டு கிளம்பும். ஆசாரி மூக்குத்தியில் இந்த இரண்டு கட்டம் பெரும்பாலும் கிடையாது, இருக்கிற தண்டில் திருகை முடுக்குவதுதான். கழன்று தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கமாக முடுக்கினால் வீங்கும்போது கல் உள்ளே புதையும், தளர்த்தினால் திருகின் முனை உள்ளே நடுச்சுவரை உரசும். சளி பிடித்து மூக்கு சிந்தும்போது அந்த உரசலின் அருமை தெரியும். ஃபிளாட் பேக்கில் உள்பக்கம் ஒரு தட்டை வட்டுதான், குத்தாது.

ஆகவே புதிதாகக் குத்துகிறவர்களுக்கு ஃபிளாட் பேக், அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி. மூக்குத் துளை முழுசாக ஆற நாலு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறிய பிறகு திருகாணிக்கு மாறுவதில் ஒரு தப்பும் இல்லை, பழைய அளவைச் சொல்லி அதே தடிமனில் செய்யச் சொல்லுங்கள். ரெடிமேட் வளைவுக் கம்பி மூக்குத்தி வாங்குவதானால் எந்தப் பக்கத்துக்கு வளைத்தது என்று கேளுங்கள், நம்மில் வலப்பக்கம் குத்தியவர்கள் நிறைய, கடையில் இருப்பது இடப்பக்கத்துக்கானதாக இருக்கலாம்.

வளையம் வேண்டுமென்றால் உள்விட்டம் பாருங்கள். 8 மிமீ பலருக்குச் சரியாக இருக்கும், அதைவிடச் சின்னது மூக்கைக் கவ்விப் பிடிக்கும். மூக்கை விட்டு வேறு இடத்தில் குத்துவதானால், காது மடலின் மேல் குருத்தெலும்புக்கு 1.2 மிமீ தண்டு வழக்கம். தொப்புளுக்கு 1.6 மிமீ தடிமன், 10 அல்லது 11 மிமீ நீளம். தொப்புள் கம்பி வளைந்தது என்பதால் வளைவோடு நூல் பிடித்து அளக்காதீர்கள், இரண்டு குண்டுக்கும் நடுவே நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும்.