பழனி மலையில் மூன்று அருவிகள்: ஒரு நாளுக்கு எது தேறும்?

வத்தலக்குண்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், இருட்டுவதற்குள் போய்த் திரும்ப மூன்று அருவிகள் இருக்கின்றன. மேலே கொடைக்கானல் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சி, நடுமலையில் புல்லாவெளி, அடிவாரத்தில் கும்பக்கரை. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "எது பெரிசு?" பெரிசுதான் வேண்டும் என்றால் டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தி, எதிரே தெரியும் தலையாற்று அருவியைக் காட்டிவிடுவேன். 297 மீட்டர், எலிவால் என்று சொல்வதும் அதைத்தான். தூரத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். என் கணக்கே வேறு: கட்டிக்கொண்டு போன சோற்றை அவசரப்படாமல் எங்கே உட்கார்ந்து சாப்பிட முடியும்?

அந்தக் கணக்கில் வெள்ளி நீர்வீழ்ச்சி முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறது. கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னால், சாலையை ஒட்டியே சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. வயதானவர்கள் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். அது ஒன்றுதான் அதற்குப் பெரிய பலம். மற்றபடி பஸ் ஹாரன், சோளக்கடை, கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்கு. 1863இல் வெட்டிய கொடைக்கானல் ஏரியின் மிகுதி நீர்தான் இப்படி வழிகிறது. ஊரைத் தாண்டி வரும் தண்ணீர் என்பதால் அதில் கால் நனைக்கக்கூட எனக்கு மனசு வருவதில்லை. போதாக்குறைக்கு, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். பத்து நிமிடப் படம் பிடிப்புக்கு இத்தனை ஏற்பாடா?

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

கும்பக்கரை குளிக்கிறவர்களின் அருவி. பெரியகுளத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். போகிற வழியெல்லாம் மாந்தோப்பு. கொடைக்கானல் மலையில் பிறக்கும் பாம்பாறு இங்கே வந்து பாறைகளில் தேங்கித் தேங்கி இறங்குகிறது. ஆழமான இடங்களுக்கு யானை கஜம், பாம்பு கஜம், அண்டா கஜம் என்று பெயர்கள். நீர்நிலையைக் குறிக்கும் பழைய 'கயம்' என்ற சொல்தான் வாயில் புழங்கிக் கஜமாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு இறங்க வேண்டாம், அவை ஆளை விழுங்கும் இடங்கள். வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் தலையைக் கொடுத்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், மேலே கொடைக்கானலில் நல்ல மழை பெய்தால் இங்கே வெள்ளம் வந்துவிடும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஒரு ஐப்பசியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போன எங்கள் குடும்பம் மொத்தமும் அப்படியே பிசுபிசுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கோடையில் போனால் தண்ணீர் நூலாகிவிடும். விடுமுறை நாளில் பாறைக்குப் பத்துப் பேர்.

புல்லாவெளிக்குச் சித்தரேவு வழியாக ஏற வேண்டும். தாண்டிக்குடிக்குப் போகும் அதே சாலைதான்; பெரும்பாறைப் பக்கம் வரும்போதே காற்று மாறிவிடும். நிழல்மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி, மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, நடுநடுவே மலைவாழை. தோட்டத்துக்குள் நடந்தால் தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்கும். அப்புறம் தொங்குபாலம். அதில் நின்று கீழே பார்த்தால் குடகனாறு பாறை இடுக்கில் விழுந்து மறைவது தெரியும். இந்தத் தண்ணீர்தான் கீழே ஆத்தூர் காமராசர் அணைக்குப் போகிறது. திண்டுக்கல்காரர்கள் வீட்டுக் குழாயில் பிடிப்பதை ஊற்றுக்கண் பக்கத்திலேயே பார்ப்பது மாதிரி.

இங்கே குளிக்க முடியாது. பாறை வழுக்கும், பள்ளம் ஆழம். படம் எடுக்க ஓரத்துக்குப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. துறுதுறுவென்று ஓடும் பிள்ளைகள் இருந்தால் நான் கும்பக்கரையைத்தான் சொல்வேன். ஆனால் பாலத்திலிருந்து திரும்பி, சாலையோரக் கடையில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து மரநிழலில் உட்கார்ந்தால் மதியம் போவதே தெரியாது. குளிக்கிற ஆசையை விட்டுவிட முடிந்தால் என் ஓட்டு புல்லாவெளிக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிறைய இருக்கும், அட்டையும் இருக்கும். ஒரு பிடி உப்பு கையில் இருக்கட்டும். மூன்று, மூன்றரைக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். மூட்டம் இறங்கினால் அந்த வளைவுகளில் எதிரே வரும் வண்டி முட்டுகிற தூரம் வரைக்கும் தெரியாது.