‘கம்பெனி ஜாயின்ட்’ என்று நம்பி 38,000 ரூபாயை மணலில் விட்டேன்

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மணல் பக்கி (மணலில் ஓட்டவென்று கட்டும் சிறு வண்டி) கட்டிக்கொண்டிருப்பவர்கள், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பழைய மாருதி 800இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பின்பக்கம் தூக்கி வைத்துக் கட்டிய வண்டி. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது எங்கள் நிலத்தின் ஓரத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. பயிருக்கு உதவாத அந்த மேட்டில்தான் ஓட்டுகிறேன். பாலைவனக் குன்று இல்லைதான். ஆனாலும் கால் புதையும் மணல்.

மேடேறும்போது ஆக்சிலில் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு; உள்ளே கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, வெளியே சக்கரத்தின் பக்கம் ஒன்று என்று வளைந்துகொடுக்கும் இரண்டு ஜாயின்ட் அதில் உண்டு) ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது, கியர்பாக்ஸும் ஊளையிட்டது. வேலூரில் பலரும் சொன்ன ஒரு பட்டறையில் விட்டேன். “நான்கு ஜாயின்ட்டும் கம்பெனி உருப்படி. பேரிங் எல்லாம் புதிது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கள் சார்” என்றார்கள். கேட்காமலே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயரமாக்கியும் வைத்திருந்தார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. நானும் 38,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, போதாக்குறைக்கு வேலை செய்த பையனுக்கு ஆற்காடு மக்கன் பேடா வேறு வாங்கிக் கொடுத்தேன்!

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மேட்டின் பாதியில் ‘படார்’. இன்ஜின் அலறுகிறது, வண்டி அசையவில்லை. இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஆக்சில் விட்டுப்போனால் சுழற்சி முழுவதும் அந்தப் பக்கமே வீணாகும். மறு சக்கரம் சும்மா நிற்கும். டிராக்டர் கட்டி இழுத்து வந்தோம். “மாமா, இதற்கு மாட்டு வண்டியே தேவலை” என்று மச்சினன் சிரித்தான்.

ராணிப்பேட்டையில் ஒரு பெரியவர் வலது பக்கத்தை என் கண்ணெதிரே பிரித்தார். வெளி ஜாயின்ட்டின் மேல் வெள்ளி பெயின்ட், சுரண்டினால் துரு. உள்ளே ஆறு குண்டுகள் ஓடும் பள்ளங்களில் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்மானம். ரப்பர் உறையைக் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அந்த இடுக்கில் மணல் புகுந்து, கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் போல அரைத்திருந்தது. கியர்பாக்ஸ் அடியிலிருந்த போல்ட்டைத் திறந்தால், எண்ணெயோடு மரத்தூள் களி போல இறங்கியது. தேய்ந்த பல்சக்கரத்தின் ஊளையை அடக்க அது பழைய தந்திரமாம். பேரிங்கை ஒருவரும் தொடவே இல்லை.

ஆனால் அன்றைக்கு என்னை நிறுத்தியது பழைய உருப்படி மட்டுமல்ல, அந்த உயரமும்தான். மாருதி 800 போல முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வெளி ஜாயின்ட் ஸ்டீயரிங் திருப்பலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்பதால் ஏறத்தாழ 45 டிகிரி வரை வளையும். உள் ஜாயின்ட் அதில் பாதியளவுதான் தாங்கும். வண்டியைத் தூக்கியதும் ஆக்சில் சரிந்து தொங்கியது. மேட்டில் சக்கரம் அந்தரத்தில் இறங்கியபோது உள் ஜாயின்ட்டின் உருளைகள் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டன. போதாததற்கு 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பெரிய டயர் போட்டவன் நான். டயர் பெரிதானால் மணலின் பிடி ஆக்சிலையும் கியரையும் அதிகமாக முறுக்கும். இது என் தவறு, பட்டறையின் மேல் போட முடியாது.

உங்கள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, அந்த நிலையில் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் மணலில் இறக்காதீர்கள். சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காதபடி சேஸிஸிலிருந்து ஒரு பட்டை கட்டச் சொல்லுங்கள். பெரியவர் எனக்கு அதைத்தான் செய்தார். ஜாயின்ட்டைப் பெட்டி பிரிக்காமல் கடை பில்லோடு நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். கியர் எண்ணெயை ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

பணம் கேட்டு இரண்டு முறை போனேன். “மணலில் ஓட்டினால் அப்படித்தான் சார்” என்றார்கள். அதற்காகத்தானே கட்டினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இடது பக்கம் இன்னும் பிரிக்கவில்லை. அங்கேயும் வெள்ளி பெயின்ட் பளபளக்கிறது.