ஆக்டின் புரியாதவர்கள் ஒரு ஞாயிறு போய் வரலாம், நோட்ஸ் மட்டும் வேண்டாம்

மதுரை அண்ணா நகர் பக்கம், டீக்கடை மாடியில் நடக்கும் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) லைஃப் சயின்ஸ் வகுப்பைப் பற்றி இது. நோட்ஸைத் திட்டப் போவதால் பெயர் போடவில்லை. செல் பயாலஜிக்கு மட்டும் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆக்டின் என்பது செல்லுக்குள் ஒன்றோடொன்று கோத்து இழையாகும் புரதம். எம்.எஸ்ஸியில் அதையும் அதோடு வேலை செய்யும் புரதங்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தே பாஸ் ஆன ஆள் நான்.

சார் கீழே போய் ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கி வந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மேசையில் படுக்க வைத்தார். ஒரு கப் ஓர் ஆக்டின், அடுக்கு முழுக்க ஓர் இழை. "பாருங்கப்பா, எல்லாக் கப்பும் ஒரே பக்கம்தான் பாக்குது, அதனால ரெண்டு முனையும் ஒண்ணு இல்ல." (நம் ஊரில் எதற்கெடுத்தாலும் மல்லிகைச் சரத்தைத்தான் உதாரணம் காட்டுவார்கள். கட்டின பூ இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு பார்க்கும், ஆக்டினுக்கு ஒத்து வராது.) ஒரு கப்பில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டார். பிளஸ் முனையில் (வேகமாக வளரும் முனை) ஒன்றைச் செருகி மைனஸ் முனையில் (எதிர் முனை) ஒன்றை உருவ, மறுபடி செருகி மறுபடி உருவ, நீளம் மாறவே இல்லை, சிவப்புக் கப் மட்டும் நகர்ந்து நகர்ந்து கடைசியில் கழன்று விழுந்தது. அதுதான் ட்ரெட்மில்லிங். இத்தனை வருடம் படத்தில் பார்த்தும் மண்டையில் ஏறாதது. நிஜ இழை இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி, 7 நானோமீட்டர் தடிமன், கப் அடுக்கில் அது தெரியாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு கேள்வி போட்டார். பிளஸ் முனை வளர 0.1 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) ஆக்டினே போதும், செல்லுக்குள் அதைப் போல நூறு மடங்குக்கு மேல் கிடக்கிறது, பின்னே ஏன் எல்லாமே இழையாகிவிடவில்லை? ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தைமோசின் பீட்டா-4 ஒற்றை ஆக்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புரோஃபிலின் அதைப் பிளஸ் முனைக்கு மட்டும் கொண்டு சேர்க்கும், கேப்பிங் புரதம் அந்த முனையையே மூடிவிடும், பாஸ்பேட்டை இழந்த பழைய பகுதியைக் கோஃபிலின் வந்து நறுக்கும். மனப்பாடம் செய்த பெயர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் ஆளுக்கொரு வேலை கிடைத்தது. கிளை விட வைக்கும் ஆர்ப் 2/3, நேராக நீட்டும் ஃபார்மின் இரண்டையும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார், அது குறைதான்.

இனி நோட்ஸ். ஃபீஸ் போக அதற்குத் தனிக்காசு. ஜெராக்ஸ் மங்கல் என்பதுகூடப் போகட்டும், 'மைனஸ் முனையே வேகமாக வளரும்' என்று அச்சாகியிருக்கிறது. இன்னொரு பக்கத்தில் ஃபாலாய்டின் இழையை உடைக்குமாம்! அந்தக் காளான் நஞ்சு இழையைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும், அதனால்தான் அதில் ஒளிரும் சாயம் சேர்த்து ஆக்டினைப் பார்க்கிறோம். சொன்னேன். "அடுத்த தடவ மாத்திருவோம்மா" என்றார் பணம் வாங்கும் அக்கா. அடுத்த பேட்சில் சேர்ந்த என் தோழியிடம் வாங்கிப் பார்த்தேன், அதே பக்கம், அதே தப்பு.

வகுப்புக்கு 5-க்கு 4, நோட்ஸுக்கு 1. போனால் முன் வரிசையில் உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் டீக்கடைப் பாட்டுதான் கேட்கும்.