வால்பாறை யானை முன்னறிவிப்புச் சேவை: ஒரு பயனாளியின் மதிப்பீடு

ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்க, ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டரில் தேயிலைத் தோட்டங்களாகப் பரந்து கிடக்கும் வால்பாறையில், யானைக் கூட்டங்கள் பகலில் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோரத்திலும் ஒதுங்கி, இருட்டிய பின் தோட்டங்களைக் கடக்கின்றன. இங்கே யானை தாக்கி உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர், அது அருகில் நிற்பது தெரியாமலேயே எதிரே போய்விட்டவர்கள். அந்த அறியாமையைப் போக்கவே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, வனத்துறையோடு சேர்ந்து இந்தச் சேவையை உருவாக்கியது.

முதலில் இந்த முன்னறிவிப்பு கேபிள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்தியாக வந்தது, 2011இலிருந்து குறுஞ்செய்தி, பிறகு, படிக்க இயலாதவர்களுக்காகத் தமிழில் பேசும் குரல் அழைப்பு. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிவது சிவப்பு விளக்குதான். மேட்டில் நிறுத்திய கம்பத்தில் இருக்கும் அது, யானை அருகில் இருப்பதைக் காட்ட, பதிவு செய்த கைபேசியிலிருந்து அழைத்தால் எரியும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலும் தெரியும். அப்படி அழைப்பவர்களில் பலர் இங்கேயே வாழும் தோட்டத்து மக்கள். இத்திட்டத்தை முன்னெடுத்த ஆனந்த குமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கான விட்லி விருது கிடைத்தபோது நாங்கள் மகிழ்ந்ததற்கு, அவர் எங்களை நம்பி அந்தப் பொறுப்பைத் தந்ததே காரணம்.

சென்ற தை மாதத்தில் ஒருநாள், கடைசிப் பேருந்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் இறங்கியபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரிசி மூட்டை சுமந்த அக்கா ஒருவர், "கூட்டம் பாலத்துக்கிட்ட நிக்குது போல, போகாதீங்க" என்று தடுக்க, தேநீர்க் கடையிலேயே காத்திருந்தோம். விடிந்து நடந்தபோது, நாங்கள் வழக்கமாகத் திரும்பும் வளைவிலேயே யானைச் சாணம் கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டியின் சிறிய காலடியும் ஈரமண்ணில் பதிந்திருந்தது.

குறையும் உண்டு. எங்கள் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. ஒருமுறை, யானை போய் வெகுநேரம் கழித்தே அழைப்பு வந்தது. பனிமூட்டம் இறங்கினால் விளக்கும் மறைந்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கூட்டத்தின் வழி அத்துப்படி என்பதால், அடுத்த விளக்கை எங்கே நடுவது, யானைகள் அரிசி தேடி வரும் ரேஷன் கடையை எங்கே மாற்றுவது என்று முடிவெடுக்கும்முன் அவர்களை அழைத்துக் கேட்பது அவசியம். யானையைப் பார்த்துச் சொல்பவர்களாக மட்டும் அவர்களை வைத்திருப்பது போதாது.

புதிதாகக் குடிவந்தவர்கள் உடனே எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு ஓர் எண் என்று நிறுத்தாமல், மாலையில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருபவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.