கண்மாய்த் தரை: மேய்ச்சலுக்கா, மரம் வளர்ப்புக்கா?

செட்டிநாட்டுக் கண்மாய்களின் உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பரப்பு, கோடையில் நீர் வற்றியதும் ஊர் மாடுகளுக்குப் பொதுவான மேய்ச்சல் தரையாகிவிடும். அதை மாடுகளுக்கே விடுவதா, மரம் வளர்க்க அடைப்பதா என்பது நெடுநாள் வழக்கு.

மரம் வளர்ப்போரின் கணக்கு எளிது. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ்த் தமிழகக் கண்மாய்களில் கருவேலம் நடப்பட்டது. மரத்தை வெட்டி ஏலம் விட்டால் ஊராட்சிக்கு வருமானம் உண்டு. கன்றுகள் தலையெடுக்கும்வரை மேய்ச்சலைத் தடுக்கத்தான் வேண்டும்.

மேய்ச்சலின் பயனோ ஏலத்தொகையில் அடங்காது. சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடுகள் பெரும்பாலும் கொட்டிலில் தீனி தின்று வளர்பவை அல்ல. பகலில் மந்தையாக மேய்ந்து, இரவில் அறுவடை முடிந்த வயலில் கிடை அமர்ந்து, சாணத்தையும் கோமியத்தையும் அந்த நிலத்துக்கே உரமாக விட்டுச் செல்பவை. தரை சுருங்கினால் மந்தை சுருங்கும். மஞ்சுவிரட்டுக் காளையைக் கொண்டாடும் ஊர், அதன் தாய்ப்பசு எங்கே மேய்கிறது என்று கேட்பதில்லை.

மேய்ச்சலும் குற்றமற்றதன்று: சீமைக்கருவேல நெற்றைத் தின்ற மாடுகள் சாணத்தின் வழியே அதன் விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் போன்ற இடங்களில் பறவைகளுக்கே முன்னுரிமை. மற்றக் கண்மாய்களில் என் சாய்வு மாடுகளின் பக்கமே. மரம் நட வேண்டுமானால் தரை முழுவதையும் அடைக்காமல், ஒரு பகுதியை மட்டும் சில ஆண்டுகளுக்கு அடைத்துப் பின் திறந்துவிடலாம்.