கல்லீரல் அறுவையில் ரத்தக்கசிவு: நாடாவா, கருவியா?

கல்லீரலை வெட்டும்போது ரத்தத்தை அடக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். புதுச்சேரியில் என் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது பழைய வழிதான். 1908-இல் கிளாஸ்கோ மருத்துவர் பிரிங்கிள் எழுதி வைத்தது. கல்லீரலுக்குப் போகும் தமனியும், குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும் ஒரே கட்டாக வருகின்றன. அதன் பின்னால் விரலை நுழைத்து, ஒரு நாடாவைச் சுற்றி, இரு முனைகளையும் ரப்பர் குழாய்த் துண்டுக்குள் கோத்து இறுக்கினால் உள்ளே வரும் ரத்தம் நின்றுவிடும். 15 நிமிடம் இறுக்கு, 5 நிமிடம் தளர்த்து. “பதினஞ்சு ஆச்சு சார்” என்று நர்ஸ் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

எதிர்ப்பக்கம் கியூசா (CUSA) என்ற கருவி. மீயொலி அதிர்வால் திசுவை உடைத்து உறிஞ்சிவிட்டுக் குழாய்களை மட்டும் விட்டுவைக்கும். பார்க்க அழகுதான், ஆனால் மெதுவாகப் போகும், செலவும் அதிகம். 2005-இல் சூரிச்சில் 100 பேரிடம் நான்கு முறைகளை ஒப்பிட்டபோது, பிரிங்கிள் நாடாவோடு சாதாரண கிளாம்பால் (இடுக்கியால்) நசுக்கி வெட்டியதே வேகத்திலும் ரத்த இழப்பிலும் செலவிலும் முந்தியது. கட்டி பெரிய சிரையை ஒட்டியிருந்தால் மட்டும் நானும் கியூசாவைக் கேட்பேன்.

சரி, உண்மையில் முடிவு செய்வது இவை இரண்டுமே இல்லை. நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் கல்லீரல் சிரைகள் வழியே பின்னோக்கி வரும் ரத்தம் நிற்காது. அது மயக்க மருத்துவர் கையில் இருக்கிறது. வெட்டி முடியும்வரை சலைனைச் சிக்கனமாக விட்டு, மத்திய சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் இருக்கும் அழுத்தத்தை, 5 செ.மீ. நீர் அளவைத் தாண்டாமல் வைத்தால் வெட்டுமுகம் வறண்டு கிடக்கும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி வைக்கப்பட்ட நோயாளிகளின் ரத்த இழப்பு சுமார் 200 மி.லி.; தாண்டியவர்களுக்குச் சுமார் ஒரு லிட்டர். அதனால் முந்தின நாளே மயக்க மருத்துவரிடம்தான் முதலில் பேசுவேன். ஆபத்தும் உண்டு: சிரை கிழிந்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும், உடனே விரலால் பொத்த வேண்டும். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு நான் இதில் தயங்குவேன்.

கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து குடியால் கெட்ட கல்லீரலோடு வருபவர்கள் இங்கே குறைவில்லை. அந்தக் கல்லீரல் ரத்தமில்லாமல் அதிக நேரம் தாங்காது. அவர்களுக்கு 10 நிமிடத்திலேயே தளர்த்துகிறேன்.

உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையையும் சேர்த்து மறிக்கும் முழு அடைப்பு, கட்டி அந்தச் சிரையிலேயே ஏறியிருந்தால் தேவைப்படும். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று விழும். நான் அதிகம் செய்ததில்லை. அதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். அப்புறம், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் பசை: கடைசியில் ஊறும் சிறு கசிவுக்குப் பூசலாம், குழாய் கண்ணில் பட்டால் தையல்தான்.